பாஸ்டன் நகரத்துக் காசநோய் வகுப்பு

குழு சிகிச்சை என்று மனநல மருத்துவம் இன்று சொல்லும் முறை, 1905 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கூடிய ஏழைக் காசநோயாளிகளிடம் தொடங்கியது. அவர்களைக் கூட்டியவர் ஜோசப் ஹெர்சி பிராட். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த அவர் உடல்நோய்களைப் பார்த்த மருத்துவர். மனநலம் படித்தவர் அல்லர்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டுபிடித்திருந்தார். அதைக் கொல்லும் மருந்து வர மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. அதுவரை ஓய்வு, திறந்தவெளிக் காற்று, சத்தான சாப்பாடு ஆகியவைதான் வைத்தியம். சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கினால் இவை கிடைக்கும். நெருக்கடியான குடியிருப்புகளில் கூலிக்கு உழைத்தவர்களால் அது எப்படி முடியும்? அவர்கள் வீட்டையே சானடோரியமாக்கப் பார்த்தார் பிராட். எல்வுட் வூஸ்டர் போதகராக இருந்த இம்மானுவேல் தேவாலயம் செலவை ஏற்றது.

நிபந்தனைகள் கடுமையானவை. வேலையை விட்டுவிட வேண்டும். கடுங்குளிரிலும் மொட்டைமாடிக் கூடாரத்திலோ தாழ்வாரத்திலோ படுக்க வேண்டும். காய்ச்சல், நாடித்துடிப்பு, சாப்பிட்டது, ஓய்வெடுத்த நேரம் எல்லாவற்றையும் நாள்தோறும் நோட்டில் குறிக்க வேண்டும். வகுப்பின் சார்பில் ஒருவர் வீடு தேடி வந்து பார்ப்பார். சொன்னபடி நடக்காதவர்கள் நீக்கப்பட்டார்கள். வீட்டில் ஒருவர் சம்பாத்தியம் நின்றால் அடுப்பு எரியாத குடும்பங்களுக்கு இந்த வகுப்பும் எட்டாததுதான். அது அதன் பெரிய குறை.

வாரம் ஒருமுறை எல்லோரும் கூடினார்கள். ஒரு வகுப்பில் 25 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எடை பார்ப்பார்கள், பிராட் ஒவ்வொரு நோட்டாகப் புரட்டுவார். எடை கூடியவரின் முன்னேற்றம் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படும். தேறியவர் தம் கதையைப் புதியவருக்குச் சொல்வார். இருமல் சத்தம் கேட்டாலே அக்கம்பக்கத்தார் ஒதுங்கிய காலம் அது. நாள் முழுக்கத் தனியாகப் படுத்துக் கிடந்தவருக்கு, அதே நோயோடு போராடி மீண்ட இன்னொருவரின் முகத்தைப் பார்ப்பதே பெரிய தெம்பு. மதமும் இனமும் வேறாக இருந்தவர்களை ஒரே நோய் ஒன்றாக உட்காரவைத்தது.

ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதைப் பலருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடலாம் என்பதுதான் பிராட்டின் முதல் கணக்கு. கூடி உட்காருவதே மருந்தாக வேலை செய்கிறது என்பது பிறகுதான் அவருக்குப் புலப்பட்டது. 1930இல் பாஸ்டன் இலவச மருந்தகம் ஒன்றில், மனக்கவலையால் உடல் உபாதைப்பட்டவர்களுக்கென்றே அவர் தனி வகுப்பு தொடங்கினார்.

ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியசிட் ஆகிய காசநோய் மருந்துகள் வந்தபின் பழைய வைத்தியத்தின் பெரும்பகுதி தேவையற்றுப்போனது. அதை உறுதிசெய்தது சென்னை. 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வில் 193 காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மற்றவர்கள் வீட்டிலும் ஒரே மாத்திரைகளைச் சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை என்று 1959இல் முடிவு வெளியானது. கூடாரமும் கட்டாயப் படுக்கையும் அத்தோடு போயின. வீடு தேடி வந்து விசாரிக்கும் ஆள் மட்டும் போகவில்லை: சென்னை ஆய்விலும் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள்.