தட்டான் பேர் வச்ச டிராக்டர்

டென்னஸியில இருக்கிற என் அக்கா பையன் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். சிவப்புக் கலர்ல குட்டி டீசல் டிராக்டர். புது பெயிண்ட், புது சீட். கியர் கம்பி பக்கத்துல மட்டும் ஏதோ சீன எழுத்து மாதிரி. "மாமா, அஞ்சு ஏக்கர் புல்லு வெட்டணும், இது சல்லிசா வருது, புதுசோட விலையில கால்வாசி கூட இல்ல, வாங்கலாமா?"ன்னு கேட்டிருந்தான். நான் டிராக்டர் ஓட்டினவன் இல்ல. பழைய மெஷின்களோட பூர்வீகம் தேடிப் படிக்கிற பைத்தியம் மட்டும் உண்டு, அது அவனுக்கும் தெரியும். ஒரு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா அந்த எழுத்து சீனம் இல்ல, ஜப்பான். ஜப்பான்ல நெல்லு வயல்ல உழுத வண்டி டென்னஸியில எதுக்கு நிக்குது? அந்தக் கதை தெரியாம அதுக்கு விலை பேசக்கூடாதுன்னு தோணிச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க.

ஆரம்பம் 1932. ஒசாகாவில 1912-லேயே இன்ஜின் தொழில் தொடங்கின யாமவோகா மகோகிச்சி ஜெர்மனிக்குப் போறார். லைப்சிக் பொருட்காட்சியில டீசல் இன்ஜினைப் பார்த்து அசந்துபோறார். அந்தக் காலத்து டீசல் இன்ஜின்னா கப்பலுக்கும் ஆலைக்கும்தான், யானை சைஸ். இதைச் சின்னதாக்கி விவசாயி கையில கொடுக்க முடிஞ்சா? ஊர் திரும்பி மண்டையை உடைச்சுக்கிட்டு 1933 டிசம்பர்ல ஒரு சின்ன டீசல் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். அஞ்சாறு ஹெச்.பி. தான். ஹெச்.பி. மாடல் இல்லைங்க, அந்த மாடலோட பேரு ஹெச்.பி-யை ஒட்டி 'எச்பி'ன்னே குழப்புற மாதிரி இருக்கும், அதை விடுங்க :-)

கம்பெனி பேர்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஜப்பான்ல தட்டான் நிறையப் பறந்தா விளைச்சல் நல்லா இருக்கும்னு நம்பிக்கை. (நம்ம ஊர்ல தட்டான் தாழப் பறந்தா மழைன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட சொந்தக்காரங்கதான்.) தட்டானையே பேரா வைக்க நினைச்சு, பெரிய ஜாதித் தட்டானுக்கு அவங்க சொல்ற 'யான்மா'ங்கிற வார்த்தையைப் பிடிச்சாங்க. யாமவோகாங்கிற குடும்பப் பேரோட ஓசையும் ஒத்துப்போச்சு. அதுதான் யான்மார்.

இன்ஜின் இருந்தா மட்டும் டிராக்டர் வந்துடாது. வாங்குறவன் வேணும். போருக்கு அப்புறம் 1946-லிருந்து 1950 வரைக்கும் ஜப்பான்ல நிலச் சீர்திருத்தம் நடந்துச்சு. குத்தகைக்காரங்க நிலத்துக்குச் சொந்தக்காரங்க ஆனாங்க. ஆனா ஆளுக்கு கிடைச்சது சராசரியா ஒரு ஹெக்டேர், அதாவது ரெண்டரை ஏக்கர். அதுவும் ஒரே துண்டா இல்ல, இங்க கொஞ்சம் அங்க கொஞ்சம். அந்த வரப்புக்குள்ள அமெரிக்க டிராக்டரை இறக்கினா திரும்பவே இடம் பத்தாது. முதல்ல 1950-கள்ல பவர் டில்லர் வந்துச்சு, அப்புறம்தான் உக்காந்து ஓட்டுற குட்டி டிராக்டர். குபோட்டா 1960-ல 15 ஹெச்.பி. டி15-ஐக் கொண்டுவந்தது. எடை கம்மி, ஏன்னா சேத்துல புதையக்கூடாது. அகலம் கம்மி, ஏன்னா வயலுக்குப் போற பாதை அவ்வளவுதான். கொஞ்ச வருஷத்துல நாலு சக்கரமும் இழுக்கிற மாடல்களும் வந்தாச்சு. பின்னாடி ரோட்டரி, அதுக்கு வேகம் மாத்திக்க பல ஸ்பீடு பிடிஓ. எல்லாமே தொழி உழவை மனசுல வச்சு செஞ்சது.

அமெரிக்காவுல இதே நேரத்துல நேர் எதிரா நடந்துச்சு. 1947-லிருந்து 1952 வரைக்கும் ஃபோர்டு தயாரிச்ச 8என் அஞ்சு லட்சத்துக்கு மேல ஓடுச்சு. அதுதான் அங்க சின்ன விவசாயியோட வண்டி, பெட்ரோல்ல ஓடும். அதுக்கப்புறம் பண்ணைகள் பெருசாச்சு, கம்பெனிகளும் நூறு ஹெச்.பி-க்கு மேல போயிட்டாங்க. 1970-கள்ல விவசாய மந்திரியா இருந்த ஏர்ல் பட்ஸ், பெருசா விவசாயம் பண்ணுங்கன்னே பேசிட்டிருந்தார். அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் வச்சிருக்கிறவங்களுக்குப் புது வண்டி செய்ய உள்ளூர்ல ஆளில்லை. பழைய 8என்-ஐ ஒட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தாங்க.

இந்த ஓட்டை வழியா ஜப்பான் உள்ள வந்துச்சு. 1969-ல குபோட்டா எல்200 அமெரிக்காவுக்கு வந்தது, 21 ஹெச்.பி. டீசல். 1972-ல அங்கேயே தனிக் கம்பெனி ஆரம்பிச்சாங்க. வியாபாரம் சூடு பிடிச்சதும் உள்ளூர் ஜாம்பவான்கள் என்ன பண்ணினாங்கன்னு நினைக்கிறீங்க? தாங்களே செய்யல, ஜப்பான்லேர்ந்து வாங்கி தங்க பெயிண்டை அடிச்சாங்க! ஃபோர்டு 1000 செஞ்சது ஷிபௌரா. 1977-ல வந்த ஜான் டீர் 850-ம் 950-ம் யான்மார் செஞ்சது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பேர்ல மிட்சுபிஷி, போலன்ஸ் பேர்ல இசேகி. பச்சைக் கலரைத் தவிர வேற எதையும் பக்கத்துல சேர்க்காத ஜான் டீர் பக்தர்கள் உள்ளுக்குள்ள தட்டானைத்தான் ஓட்டிக்கிட்டிருந்தாங்க. அதனால இன்னிக்கும் பழைய யான்மார் வச்சிருக்கிறவங்க சில பாகங்களுக்கு 850, 950 பார்ட்ஸைத் தேடுறாங்க.

இதெல்லாம் முன்வாசல் வழியா வந்தது. அக்கா பையன் பார்த்தது புழக்கடை வழியா வந்தது.

ஜப்பான்ல அரிசி தேவைக்கு மேல விளைஞ்சு குவிய, 1970 வாக்குல அரசாங்கமே நெல் பரப்பைக் குறைக்கச் சொல்லி காசு கொடுக்க ஆரம்பிச்சது. கென்டன்னு பேரு, 2018 வரைக்கும் நடந்துச்சு. விவசாயி வாரம் பூரா ஆலையிலயோ ஆபீஸ்லயோ வேலை பார்த்துட்டு லீவுல வயலுக்குப் போறவர் ஆயிட்டார். ரெண்டரை ஏக்கருக்குச் சொந்தமா ஒரு டிராக்டர், வருஷத்துல சில நாள்தான் ஓடும். புது மாடல் வந்தா பழசைக் கொடுத்து மாத்திக்குவார். அல்லது வயசாகி நிலத்தை விடுவார், பையன் டோக்கியோவுல இருப்பான். பழசை உள்ளூர்ல வாங்க ஆளில்லை. வியாபாரிங்க மொத்தமா வாங்கிக் கப்பல்ல ஏத்தினாங்க. சிலது நேரா அமெரிக்காவுக்கு, சிலது வியட்நாமுக்குப் போயி பெயிண்ட், சீட், டயர் எல்லாம் புதுசாகி அங்கேர்ந்து அமெரிக்காவுக்கு. இதுக்குத்தான் 'சாம்பல் சந்தை'ன்னு பேரு. கள்ளச் சந்தை இல்ல, நல்ல சந்தையும் இல்ல.

இப்போ பாருங்க, குபோட்டா டீலர் ஒருத்தர் புது வண்டியை விக்கிறார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இன்னொருத்தர் அதே குபோட்டா பேர் போட்ட பழைய வண்டியைச் சல்லிசா விக்கிறார். பொறுப்பாங்களா? குபோட்டா அமெரிக்காவோட சர்வதேச வணிக ஆணையத்துக்குப் போனாங்க. 1997-ல ஆணையம் இறக்குமதிக்குத் தடை போட்டது. இறக்குமதி பண்ணின கேமட் ட்ரேடிங்கும் மத்தவங்களும் மேல்முறையீடு போக, 1999-ல ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம் தடையை உறுதி பண்ணிடுச்சு.

வாதம் ரெண்டு பக்கமும் சுவாரஸ்யம். வியாபாரிங்க சொன்னது: இது டூப்ளிகேட் இல்ல, குபோட்டாவே செஞ்சு, குபோட்டாவே காசு வாங்கிட்டு வித்த வண்டி. அதுவும் பழசு. பழசுன்னு தெரிஞ்சே வாங்குறான், இதுல யார் யாரை ஏமாத்துறா? கேக்கும்போது எனக்கும் அதே கேள்விதான். நீதிமன்றம் சொன்னது: ஒரே கம்பெனி செஞ்சிருந்தாலும், ஜப்பானுக்குன்னு செஞ்சதும் அமெரிக்காவுக்குன்னு செஞ்சதும் முக்கியமான விஷயங்கள்ல வேற வேற. கட்டமைப்போட பலம், வேகம், பிடிஓ சுத்துற வேகம், சக்கர அகலம், பிடிஓ தண்டுக்கு மூடி இருக்கா இல்லையான்னு ஒவ்வொண்ணா அலசியிருக்காங்க. எச்சரிக்கை ஸ்டிக்கரும் மேனுவலும் ஜப்பான் மொழியில. அமெரிக்க டீலர் கிட்ட அதுக்குப் பார்ட்ஸும் இல்ல, சர்வீஸ் பண்ணத் தெரிஞ்ச ஆளும் இல்ல. ஆனா வாங்கினவன் பேரைப் பார்த்து அதே டீலர் கிட்டதான் போயி நிப்பான், திட்டுறதும் குபோட்டாவைத்தான். பழசா இருந்தாலும் இந்தக் குழப்பம் குழப்பம்தான்னு தீர்ப்பு.

ஆராய்ஞ்ச 25 மாடல்ல 24-க்குத் தடை. தப்பிச்சது ஒரு எல்200. ஏன்னா அதை ஜப்பான்லேர்ந்து கொண்டுவந்து அமெரிக்காவுல குபோட்டாவே வித்திருந்தது!

கம்பெனி தன் புது வண்டி வியாபாரத்தைக் காப்பாத்திக்கத்தான் வழக்குப் போட்டதுன்னு எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அவங்க அடுக்கின காரணங்கள்ல சிலது உயிர் சம்பந்தப்பட்டது, அதைத் தள்ளிவிட முடியாது. டிராக்டர் கவிழ்றப்போ ஓட்டுறவரை நசுக்காம தடுக்கிற இரும்புச் சட்டம் இருக்கு பாருங்க, ஆர்.ஓ.பி.எஸ்.ன்னு சொல்வாங்க. ஸ்வீடன் 1959-லேயே புது டிராக்டருக்கு அதைக் கட்டாயம் ஆக்கிடுச்சு. அமெரிக்காவுல 1976-லிருந்து கூலியாள் ஓட்டுற 20 ஹெச்.பி-க்கு மேற்பட்ட புது டிராக்டருக்குக் கட்டாயம், 1985-லிருந்து தயாரிப்பாளர்களே எல்லாத்துலயும் வைக்க ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்து ஜப்பான் வயல் வண்டிகள்ல பெரும்பாலும் அது கிடையாது. சமதளமான சேத்து வயல்ல பத்தடி தள்ளி வரப்பு, அங்க அது அவ்வளவு உறுத்தல. அதே ஒல்லி வண்டியைக் கொண்டுபோயி டென்னஸி மேட்டுச் சரிவுல குறுக்கே ஓட்டினா? கூடவே முன்னாடி ஒரு லோடரை மாட்டி, மண்ணை அள்ளி உசரத் தூக்கினா? இங்கதான் சல்லிசு விலையோட மீதி விலை ஒளிஞ்சிருக்கு.

தீர்ப்பு குபோட்டாவுக்கு மட்டும்தான். யான்மார், இசேகி, ஹினோமோட்டோ எல்லாம் அதுக்கப்புறமும் வந்துச்சு. 1990-கள் கடைசியில சின்ன டீசல் இன்ஜினுக்கும் புகை விதி வந்தது இன்னொரு முட்டுக்கட்டை. ஆனா ஏற்கனவே இறங்கின வண்டிங்க எங்கயும் போகல. கை மாறிக்கிட்டே இருக்கு.

அவனுக்கு நான் எழுதினது இதுதான். முதல்ல மாடல் நம்பரைப் பாரு. யான்மார்ல ஒய்எம்1500-ன்னா சுமாரா 15 ஹெச்.பி., ஒய்எம்2000-ன்னா 20. கடைசியில 'டி' இருந்தா நாலு சக்கர இழுவை. குபோட்டாவுல அதுக்கு 'டிடி'. ஹவர் மீட்டரை நம்பாதே, பெயிண்டை அதைவிட நம்பாதே. விக்கிறவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் போ, இன்ஜின் ஜில்லுனு இருக்கும்போது உன் கண்ணு முன்னாடி ஸ்டார்ட் ஆகணும். கியர் பாக்ஸ் ஆயிலைப் பாரு, பால் கலந்த டீ மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. தண்ணி நின்ன வயல்ல வேலை செஞ்ச வண்டி, முன் ஆக்சில் சீல் வழியா சேறு போயிருக்கவும் வாய்ப்பு. புல்வெட்டி 540 சுத்துக்குன்னு செஞ்சது, இதுல பிடிஓ மூணு ஸ்பீடு இருந்தா எந்த கியர்ல 540 வருதுன்னு தெரிஞ்சுக்காம மாட்டாதே. தண்டு மேல மூடி இல்லைன்னா மூடி வாங்கிப் போடு. அப்புறம் ஆர்.ஓ.பி.எஸ். அந்த மாடலுக்குன்னு முறையா செஞ்சது கிடைக்குமான்னு விசாரி. தெரு முனை வெல்டரை வச்சு குழாயை வளைச்சு ஒட்டறது ஆகாது. அதைப் போட்டுட்டா சீட் பெல்ட்டும் கண்டிப்பா போட்டுக்கணும், இல்லேன்னா தூக்கி எறியப்பட்டு அந்தச் சட்டத்துக்கு அடியிலயே மாட்டுவே. இதுக்கெல்லாம் ஆகிற செலவையும் வண்டி விலையோட கூட்டிட்டு, அப்புறம் சல்லிசான்னு சொல்லு.

லீவர் பக்கத்துல இருந்த அந்த எழுத்தையும் ஜப்பான் படிச்ச நண்பர் ஒருத்தர் கிட்ட காட்டிக் கேட்டேன். மேல இருக்கிறது 'வேகம்', கீழ இருக்கிறது 'மெதுவா'. முயலும் ஆமையும் வரைஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிக்கோன்னு சொல்லியிருக்கேன்.