ஹிஸ்டரியும் ஸ்டோரியும்

ஆங்கிலத்தில் இன்று 'ஹிஸ்டரி' வரலாற்றையும் 'ஸ்டோரி' கதையையும் குறிக்கும். ஆயினும் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே. கிரேக்கத்தில் 'ஹிஸ்டோரியா' என்பது வினவி ஆராய்ந்து அறிதல், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் தம் நூலின் தொடக்கத்தில் ஆண்டதும் இப்பொருளிலேயே. அச்சொல் இலத்தீனுக்கும் பழம் பிரெஞ்சுக்கும் சென்று, தலை தேய்ந்து 'ஸ்டோரி'யாயிற்று. இடைக்கால ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் வேறுபாடின்றி வழங்கின. பிரெஞ்சிலோ இன்றும் ஒரு சொல்லே இருபொருளையும் சுமக்கிறது.

பிரிவினை மெல்லவே நிகழ்ந்தது. 1749இல் ஹென்றி பீல்டிங் வெளியிட்ட 'டாம் ஜோன்ஸ்' முழுக்கக் கற்பனை. முகப்பிலோ 'ஹிஸ்டரி' என்றே பொறித்தார். இன்றைய அகராதிப் பொருளால் அதனை அளத்தல் பொருந்தாது. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் நாவலுக்கும் பெயர் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அன்றோ!