தூர்வாரும் கப்பலும் பெரியாறும்

மதுரைக்குத் தெற்கே அவனியாபுரத்தைச் சூழ்ந்த சமவெளியில், கோடையில் வற்றிய கண்மாயின் அடியில் படிந்த வண்டலை மண்வெட்டியால் வெட்டி, கூடையில் சுமந்து, வண்டியேற்றி வயலுக்கு உரமாக இடுவது நெடுங்கால வழக்கம். தூர்வாருதல் எனப்படும் இப்பணியை ஊரார் கூடிச் செய்தபோது அது குடிமராமத்து ஆயிற்று. வைகையில் கப்பல் ஓடியதில்லை. ஆதலால் கப்பலுக்காகத் தூர்வாரும் தேவையும் இங்கே எழவில்லை. ஆயினும் 1895 முதல் வைகைக்குத் தண்ணீர் தந்துவரும் பெரியாறு மேற்கே கடலை அடையும் இடத்தில் அத்தேவை எழுந்தது.

சங்கப் பாடல் சுள்ளியம் பேரியாறு எனக் குறிக்கும் இவ்வாற்றின் முகத்தில் இருந்த முசிறித் துறைமுகம், 1341-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தால் தூர்ந்து போக, தெற்கே கொச்சியின் முகத்துவாரம் திறந்துகொண்டது என்பது மரபு. ஆலுவாவில் பிரியும் பெரியாற்றின் ஒரு கிளை கலக்கும் கொச்சிக் காயலோ ஆழமானது. ஆனால் அதன் வாயில் பாறைபோல் இறுகிக் கிடந்த மணல்திட்டு, எட்டு ஒன்பது அடிக்கு மேல் ஆழம் வேண்டும் கப்பல்களை வெளிக்கடலிலேயே நிறுத்திவிட்டது.

ஆற்றில் கிடக்கும் தடைக்கு ஏற்பவே கருவியும் அமைந்தது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் தடையாக இருந்தவை மூழ்கிய மரங்கள் என்பதால், ஹென்றி ஷ்ரீவ் 1829-இல் இரு படகுடல்களை இணைத்துக் கட்டிய 'ஹீலியோபோலிஸ்' என்னும் நீராவிக் கலம் அவற்றை மோதிப் பெயர்த்துத் தூக்கியது. கொச்சியில் தடை மணலாதலால், 1920-இல் சென்னை ஆளுநர் வில்லிங்டன் அனுப்ப வந்து சேர்ந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, மணலைத் தண்ணீரோடு சேர்த்துக் குழாய்வழி உறிஞ்சும் தூர்வாரும் கப்பலை நாடினார். திட்டை வெட்டினால் அருகிலுள்ள வைப்பின் தீவின் கரை அரிக்கப்படும் என்ற அச்சத்துக்கு விடையாக, அலையின் வேகத்தைத் தணிக்கும் கருங்கற் சுவர்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினார். 1926-இல் வந்த 'லார்ட் வில்லிங்டன்' என்னும் அக்கப்பல், நாளொன்றுக்கு இருபது மணிநேரம் உழைக்கும் கணக்கில் பணியில் இறங்கியது. 1928 மே 26 அன்று 'பத்மா' என்னும் நீராவிக் கப்பல் புதிய வாய்க்கால்வழி துறைமுகத்துக்குள் நுழைந்தது.

வாரிய மண்ணும் வீணாகவில்லை. கண்மாய் வண்டல் மதுரைப் பக்கத்து வயலைச் சேர்ந்ததுபோல, காயல் மண் வில்லிங்டன் தீவாக உயர்ந்து, துறைமுகத்துக்கு இடமாயிற்று.