ஹெலிகேம் வந்த கதை: சிறு ஸ்டுடியோவும் 250 கிராமும்

திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் சாலையில், குடகனாற்றின் கரையில் இருக்கிறது தாடிக்கொம்பு. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் தெரிவது சௌந்தரராஜப் பெருமாள் கோவிலால்தான். நாயக்கர் காலச் சிற்பங்கள் நிற்கும் மண்டபத்தைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். சுற்று வட்டாரத்தில் நூற்பாலைகள், தென்னந்தோப்புகள், புதிதாகக் கல் நட்ட வீட்டுமனைகள். இந்த மாதிரி ஒரு பேரூராட்சியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவருக்குக் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், மில் விளம்பரம், மனை விற்பனை வீடியோ எல்லாமே பிழைப்பு. இன்றைக்கு இந்த வேலைகளில் பாதிக்கு மேல் "மேலேருந்து ஒரு ஷாட் இருக்கா?" என்ற கேள்வி வருகிறது.

அந்த "மேலேருந்து" என்ற ஆசை புதியது அல்ல. 1858ஆம் ஆண்டு தொடக்கத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, மாட்டுவண்டிகளில் கேமராவும் ரசாயனங்களும் ஏற்றிக்கொண்டு வந்து மதுரைக் கோவிலையும் யானைமலையையும் படம் எடுத்தார். (திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் இருந்தது.) அதே 1858இல் பிரான்ஸ் நாட்டில் நாடார் என்பவர் பலூனில் ஏறிப் பூமியைப் படம் எடுத்தார். நம் ஊர் நாடார் அல்ல, அவர் புனைபெயரே அப்படி! பலூனிலிருந்து கசிந்த வாயு ஈரமான ஒளித்தகடுகளைக் கெடுத்துக்கொண்டே இருந்ததால், முதல் முயற்சிகள் எல்லாம் கறுத்துப் போயின.

1888இல் ஆர்தர் பத்து என்ற பிரெஞ்சுக்காரர் பட்டத்தில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். 1907இல் ஜெர்மனியில் ஜூலியஸ் நியூப்ரோன்னர் என்ற மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பில் குட்டிக் கேமராவைக் கட்டினார். ஒரு புறா சுமார் 75 கிராம்தான் சுமக்கும், அதற்குள் கேமராவை அடக்க வேண்டும். பறக்கும் கேமராவின் வரலாறு முழுக்க இந்த எடைக் கணக்குதான் எனலாம். லென்ஸ், மெகாபிக்சல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். தாடிக்கொம்பு ஸ்டுடியோக்காரர் இன்று எந்த ட்ரோன் வாங்கலாம் என்று யோசிக்கும்போதும் முதலில் முட்டுவது எடையில்தான். ஆனால் புறாவுக்கு எடையை நிர்ணயித்தது இயற்கை. இவருக்கு நிர்ணயிப்பது சட்டம்.

2000களில் வசதியான வீட்டுக் கல்யாணங்களில் ஜிம்மி ஜிப் என்ற நீளக்கை கிரேன் வந்தது. மண்டபத்துக்குள் ஆட்களின் தலைக்கு மேல் கேமரா நீந்திப் போகும். அது ஏறும் உயரம் மண்டபக் கூரை வரைதான். பிறகு நாலைந்து விசிறி வைத்த பறக்கும் இயந்திரம் சினிமாவில் புகுந்தது. 2009இல் வந்த '3 இடியட்ஸ்' இந்திப் படத்தில் மாணவன் செய்யும் பறக்கும் கேமராவைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் அதிகம். அதைச் செய்து கொடுத்தது மும்பையைச் சேர்ந்த ஐடியாஃபோர்ஜ் நிறுவனம். நம் பக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் ஆளில்லா விமானம் செய்து வந்தார்கள். 2012இல் மதுரை மாவட்டத்தில் கிரானைட் குவாரிகளை அளக்க அந்த விமானம் பயன்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அதெல்லாம் அரசாங்க வேலை. ஸ்டுடியோக்காரர் அதன் பக்கத்தில் போக முடியாது.

நிலைமையை மாற்றியது 2013 ஜனவரியில் வெளியான 'ஃபாண்டம்'. சீனாவின் ஷென்ஜென் நகரத்து டி.ஜே.ஐ. நிறுவனம் செய்தது. அமெரிக்க விலை 679 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 37 ஆயிரம் ரூபாய். பெட்டியைத் திறந்து, விசிறியை மாட்டி, பேட்டரியைப் போட்டால் பறக்கும். அதற்கு முன்னால் பாகம் பாகமாக வாங்கிப் பற்றவைத்துச் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அந்த முதல் ஃபாண்டத்தில் கேமராவே கிடையாது! கோப்ரோ கேமராவைத் தனியாக வாங்கி அடியில் மாட்ட வேண்டும். அதன் அகல லென்ஸில் கோபுரம் வில்லாக வளையும், அடிவானம் பூசணிக்காய் மாதிரி உருளும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். 2014இல் வந்த 'ஃபாண்டம் 2 விஷன் பிளஸ்' கேமராவோடும், ஆட்டத்தைத் தாங்கும் மூன்று அச்சு கிம்பலோடும் வந்தது. அப்போதுதான் கல்யாண வீடியோவில் போடும் அளவுக்குப் படம் நின்றது. எடை 1.2 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். தமிழ்நாட்டில் ட்ரோன் என்ற பெயரை விட 'ஹெலிகேம்' என்ற பெயர்தான் நிலைத்தது. கல்யாணப் பேக்கேஜில் "ஹெலிகேம் உண்டு" என்று தனி வரியே போட்டார்கள்.

அதே ஆண்டில் தடையும் வந்துவிட்டது. மும்பையில் ஒரு பீட்சா கடை 2014 மே மாதம் ட்ரோனில் பீட்சா அனுப்பிப் பார்த்தது, போலீஸ் விசாரித்தது. 2014 அக்டோபர் 7 அன்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ., விதிமுறை வரும் வரை அரசு சாராத யாரும் ஆளில்லா விமானம் எதையும் எந்த நோக்கத்துக்கும் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்தது. அந்த விதிமுறை அமலுக்கு வர நாலு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த நாலு வருடமும் ஹெலிகேம் பறந்துகொண்டேதான் இருந்தது. கடனை வாங்கி ஹெலிகேம் வாங்கியவர், போலீஸ் வந்தால் என்ன சொல்வது என்று தெரியாமலே தொழில் செய்தார். சின்னத் தொழில்காரர்களை இப்படி இழுத்தடித்ததை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

இங்கே 250 கிராம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 2015 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு பணிக்குழு, எந்த ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டது. மேலிருந்து விழும் பொருள் 80 ஜூல் ஆற்றலோடு ஒருவர் தலையில் மோதினால் சாவதற்கு 30 சதவீத வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். விழும் வேகம், மக்கள் நெருக்கம் எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது 250 கிராம் என்று விடை வந்தது. ப்ளஸ் டூ இயற்பியல்தான்! கால் கிலோ பொருள் வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வந்தால் ஏறத்தாழ 80 ஜூல் வரும். பாதி எம் வி ஸ்கொயர் போட்டுப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் அது அமெரிக்க விதியானது. பிறகு பல நாடுகளும் அந்த எண்ணை எடுத்துக்கொண்டன.

இந்தியாவில் 2018 டிசம்பர் 1 முதல் அமலான விதிகளில் 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' என்று பிரித்தார்கள். நானோவுக்குச் சலுகை உண்டு, ஆனால் 50 அடிக்குள் பறக்க வேண்டும். 50 அடி என்பது நன்றாக வளர்ந்த தென்னை மரத்தின் உயரம். தென்னை உயரத்தில் இருந்து தேரோட்டத்தை எடுப்பதற்கு மொட்டை மாடியே போதுமே! மைக்ரோவுக்கோ பதிவு எண் வேண்டும், ஒவ்வொரு முறையும் இணையத்தில் அனுமதி வாங்க வேண்டும், அனுமதி வராவிட்டால் இயந்திரமே கிளம்பாதபடி மென்பொருள் இருக்க வேண்டும். கையில் இருந்த சீன ஹெலிகேம்களில் அந்த மென்பொருள் கிடையாது. 2020 ஜனவரியில், வைத்திருப்பவர்கள் 31ஆம் தேதிக்குள் தாங்களாகவே அறிவித்து ஒப்புகை எண் வாங்கிக்கொள்ளலாம் என்று மத்திய அரசு வாய்ப்பு கொடுத்தது. அந்த எண் பறப்பதற்கான உரிமை அல்ல. வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

எண்ணுக்கு ஏற்ற இயந்திரம் 2019 அக்டோபர் 30 அன்று வந்தது. டி.ஜே.ஐ. அறிவித்த 'மேவிக் மினி'யின் எடை 249 கிராம். 2017இல் அதே நிறுவனம் விட்ட குட்டி 'ஸ்பார்க்' 300 கிராம் இருந்தது. அந்த 51 கிராமைக் குறைத்ததில்தான் சூட்சுமம். 399 டாலர், அதாவது வரி சேராமல் சுமார் 28 ஆயிரம் ரூபாய். 30 நிமிடம் பறக்கும் என்று நிறுவனம் சொன்னது. 2.7கே வீடியோ. அடுத்த வருடம் வந்த 'மினி 2' அதே எடையில் 4கே கொடுத்தது. சிறு தொழிலுக்குக் கட்டுப்படியாகிற ட்ரோன் என்றால் இந்த வரிசை என்று ஆனது.

ஆனால் எடையைக் குறைத்ததற்கு விலை உண்டு. மேவிக் மினி தாங்கும் காற்று வினாடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 29 கிலோமீட்டர் வரைதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 249 கிராம் எந்த மூலைக்கு? ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் கல்யாண வேலைக்கு இது பெரிய பாதகம் இல்லை. ஆனால் தாடிக்கொம்புப் பெருமாளுக்குத் திருவிழாவே ஆடியில்தான்! தேர் ஒரு பக்கம் போக ஹெலிகேம் இன்னொரு பக்கம் போனால், கீழே இருக்கும் கூட்டத்தின் தலைதான் தாங்க வேண்டும். இன்னொரு குறை, எடைக்காகச் சென்சாரைச் சிறியதாக வைத்தது. பகலில் தோப்பும் வயலும் அழகாக வரும். ராத்திரி ரிசப்ஷன் விளக்குகளை எடுத்தால் படத்தில் புள்ளி புள்ளியாகக் குப்பை விழும். 2018இல் வந்த 'மேவிக் 2 புரோ' ஒரு அங்குலச் சென்சாரோடு இதைச் சமாளித்தது. ஆனால் அதன் எடை 907 கிராம், சட்டப்படி மைக்ரோ.

2020 கொரோனா ஊரடங்கில் கல்யாண ஹெலிகேம்கள் சும்மா கிடந்தன, போலீஸ் ட்ரோன்கள் பறந்தன. திருப்பூர் போலீஸ் ட்ரோனைக் கண்டு கேரம் ஆடிய பையன்கள் போர்டோடு ஓடிய வீடியோவை மறந்தவர் இருக்க முடியாது. சட்டம் அதற்குப் பிறகு ஒரே வருடத்தில் இரண்டு முறை மாறியது. 2021 மார்ச்சில் வந்த விதிகள் இன்னும் இறுக்கின. 15 மீட்டர் உயரத்தையோ 100 மீட்டர் தூரத்தையோ தாண்டும் திறன் இருந்தாலே நானோவும் மைக்ரோவாகக் கருதப்படும் என்றார்கள். அப்படிப் பார்த்தால் 249 கிராமுக்கு அர்த்தமே இல்லாமல் போனது. ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போடப்பட்டது. இனி எல்லாம் முடிந்தது என்றுதான் பலர் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். ஆகஸ்ட் 25 அன்று அரசிதழில் வந்த ட்ரோன் விதிகள் 2021, 25 படிவங்களை 5 ஆகக் குறைத்தன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம் என்றன. விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் மண்டலம் 45 கிலோமீட்டரில் இருந்து 12 ஆகச் சுருங்கியது. மதுரை விமான நிலையம் எங்கோ இருப்பதால் தாடிக்கொம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. (அதற்காக வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடலாம் என்று அர்த்தம் அல்ல. திண்டுக்கல் மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, அங்கே தனி அனுமதி வேண்டும். கோவிலில் அறநிலையத் துறையைக் கேட்க வேண்டும்.)

சிறு தொழிலுக்கு இந்த 2021 விதிகளில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு வித்தியாசம். நானோ ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம் இல்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினால் சான்றிதழ் வேண்டாம், காசுக்கு ஓட்டினால் வேண்டும். அண்ணன் கல்யாணத்தைத் தம்பி ஆசைக்கு எடுத்தால் ஒரு சட்டம், அதே கல்யாணத்தை ஸ்டுடியோக்காரர் கூலிக்கு எடுத்தால் இன்னொரு சட்டம். பத்தாம் வகுப்பு தேறி, 18 வயது முடிந்தவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சில நாள் படித்துச் சான்றிதழ் வாங்கலாம். அது பத்து வருடம் செல்லும். விதி மீறினால் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம்.

கதவு திறந்த ஆறு மாதத்தில் இன்னொரு கதவு சாத்தப்பட்டது. 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. முழுதாகவோ, பாகங்களாகப் பிரித்தோ கொண்டுவரக் கூடாது. ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புப் பணிக்கும் மட்டும் விலக்கு. தனி உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. உள்நாட்டுத் தயாரிப்பை வளர்க்கத்தான் இந்தத் தடை என்றார்கள், நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்திய நிறுவனங்கள் பெரும்பாலும் பூச்சிமருந்து தெளிப்பு, நில அளவை, ராணுவம் என்று பெரிய ட்ரோன் பக்கமே போயின. சென்னை கருடா ஏரோஸ்பேஸ் 2022 அக்டோபரில் தோனியை முன்னிறுத்தி 'ட்ரோனி' என்ற கேமரா ட்ரோனை அறிமுகம் செய்தது. இந்தியப் பெயர்களில் 250 கிராமுக்குக் குறைவான மாடல்கள் சிலவும் வந்தன. இருந்தாலும் ஸ்டுடியோக்காரர்களின் கண் பழைய மினி மேலேயே இருந்தது. அதனால் பில் இல்லாத சரக்கும், கைமாறிய பழைய சரக்கும் ஓடின. பில் இல்லாத ட்ரோன் விலையில் மலிவு. கீழே விழுந்தால் சர்வீஸ் கிடையாது, பிடிபட்டால் காட்டக் காகிதம் கிடையாது. பழைய பேட்டரி உப்பிக்கொண்டால் அதற்குப் புதியது தேடி அலைய வேண்டும். வாங்கிய மலிவு அந்த இடத்தில் கரைந்துவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோனுக்கான ஜி.எஸ்.டி. ஒரே சீராக 5 சதவீதம் ஆனது. அதற்கு முன் கேமரா பொருத்தியதற்கு 18, சொந்த உபயோகத்துக்கு 28 என்று இருந்தது. ஆகவே பில்லோடு வாங்குவதற்கும் பில் இல்லாமல் வாங்குவதற்கும் இடையில் வரியால் வரும் வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மாதம் ஒன்றிரண்டு முகூர்த்தம் மட்டும் எடுக்கிற ஸ்டுடியோவுக்கு வாங்குவதே வீண். சான்றிதழ் வைத்திருக்கும் ஆபரேட்டரை நாள் வாடகைக்கு அழைத்தால் போதும், ரிசப்ஷன் இருட்டுக்குப் பெரிய சென்சாரும் அவரோடு வந்துவிடும். மனை வீடியோ, மில் வீடியோ என்று வாரம் தவறாமல் பகல் வேலை இருப்பவருக்கு, பில்லும் இரண்டு கூடுதல் பேட்டரியும் கூடிய நானோ கட்டுப்படியாகும். தேரோட்டத்தை மட்டும் காற்று தணிந்த அதிகாலையில், கூட்டத்துக்கு நேர் மேலே இல்லாமல், ஆற்றுப் பக்கமாகத் தள்ளி நின்று எடுக்க வேண்டும்.