வட்டியும் திருச்சபையும்: நட்டம் யாருக்கு என்னும் பழைய கேள்வி

பொருளாதாரச் சிந்தனையின் வரலாற்றை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் கற்பித்தவன் நான். அந்தப் பாடத்தில் ஐரோப்பிய இடைக்காலத்துக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு வகுப்பு. 'கத்தோலிக்கத் திருச்சபை வட்டியைப் பாவம் என்றது, வணிகம் வளர்ந்தது, திருச்சபை பின்வாங்கியது' என்று மூன்று வாக்கியங்களில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்துவிடுவேன். பாடநூல்களும் ஏறத்தாழ அப்படித்தான் சொல்லின.

ஒருநாள் அந்த வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவர் தயங்கியபடி வந்து நின்றார். அவருடைய தந்தை தள்ளுவண்டியில் பழம் விற்பவர். விடியற்காலையில் ஒருவரிடம் 900 ரூபாய் வாங்கிக் கொள்முதல் செய்வார். மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பித் தருவார். "ஐயா, நீங்கள் சொன்ன அந்தத் தாமஸ் அக்குவினாஸின் கணக்குப்படி பாவம் செய்பவர் கொடுக்கிறவரா, வாங்குகிற என் அப்பாவா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. "படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

900 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வட்டி. ஆண்டில் 300 நாள் வியாபாரம் நடந்தால் 30,000 ரூபாய். அசலைப்போல் முப்பத்து மூன்று மடங்கு வட்டியாகப் போன பிறகும், மறுநாள் காலையில் அந்தத் தந்தையின் கையில் சொந்த முதல் 900 ரூபாய் இராது. இந்தக் கணக்கைப் போடப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் தேவையில்லை. இதை எப்படி எடைபோடுவது என்பதற்கு நான் கற்ற பொருளாதாரத்தில் மொழி போதவில்லை என்பதே என்னை உறுத்தியது.

எது தடுக்கப்பட்டது?

கத்தோலிக்க அறநெறி என்றதும் இன்று திருமணம், கருத்தடை, கருக்கலைப்பு ஆகியவை குறித்த விவாதங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், திருச்சபையின் பொதுச்சங்கங்கள் நூற்றாண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் எடுத்துப் பேசிய அறச்சிக்கல்களுள் ஒன்று கடன் வட்டி. 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கம் குருக்கள் வட்டி வாங்குவதைத் தடை செய்தது. 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித் தொழில் செய்வோருக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்று ஆணையிட்டது. 1311-12இல் கூடிய வியன் சங்கம், வட்டி வாங்குவது பாவமே அன்று எனப் பிடிவாதமாக வாதிடுவோரைத் திரிபுக் கொள்கையினராகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்றது. வட்டிக்காரர்களைக் கழுத்தில் பணப்பை தொங்க நரகத்தில் தாந்தே உட்கார வைத்ததும் இதே காலத்தில்தான்.

இந்தத் தடைக்குப் பின்னால் இருந்த வாதத்தைத் தெளிவாக வடித்தவர் தாமஸ் அக்குவினாஸ் (1225-1274). வீட்டைக் கொடுத்தால், அதில் குடியிருக்கும் பயனை வேறாகவும் வீட்டை வேறாகவும் பிரிக்கலாம். ஆகவே வாடகை நியாயம். திராட்சை மதுவை அப்படிப் பிரிக்க முடியாது. அதைப் பயன்படுத்துவது என்றால் அருந்தித் தீர்ப்பதுதான். மதுவுக்கு ஒரு விலையும் அதை அருந்துவதற்கு இன்னொரு விலையும் கேட்பவர் ஒரே பொருளை இருமுறை விற்கிறார். பணமும் செலவழிப்பதற்காகவே இருப்பதால், அதைத் திரும்பப் பெறுவதோடு பயன்பாட்டுக்கென்று தனியே கூலி கேட்பதும் அத்தகையதே என்பது அவருடைய வாதம்.

இவ்வளவை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது அடுத்து வரும் பகுதியை. ஒரு வணிகரிடமோ கைவினைஞரிடமோ கூட்டாளியாகப் பணத்தைக் கொடுப்பவர் ஆதாயத்தில் பங்கு பெறலாம் என்கிறார் அக்குவினாஸ். ஏனெனில், அந்தப் பணம் இன்னும் கொடுத்தவருடையது. தொழில் நொடித்தால் இழப்பும் அவருடையது. பிற்கால அறநெறியாளர்கள் இதை மேலும் விரித்தார்கள். கடன் கொடுத்ததால் கொடுத்தவருக்கு உண்மையான சேதம் நேர்ந்தால் ஈடு கேட்கலாம். நேர்மையான தொழிலில் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தை அவர் இழந்திருந்தால் அதற்கும் ஈடு கேட்கலாம் என்ற கருத்து படிப்படியாக ஏற்கப்பட்டது.

ஆக, அவர்கள் முதலில் கேட்ட கேள்வி 'எத்தனை விழுக்காடு?' என்பதன்று. 'தொழில் முறிந்தால் நட்டம் யாருக்கு?' என்பதே. இழப்பு முழுவதையும் எளியவர் தலையில் ஏற்றிவிட்டு, ஆதாயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைத்தான் அவர்கள் அநீதி என்றார்கள். வாய்ப்பிழப்பு, இடர் என்று நாங்கள் இன்று கற்பிக்கும் கருத்துகள் அந்த வாதங்களுக்குள்ளேயே முளைவிட்டிருந்தன. இடைக்காலத் திருச்சபையின் வட்டிக் கொள்கை அபத்தமானது என்றே தமக்குக் கற்பிக்கப்பட்டது, ஆனால் அதில் நேர்மையான அறிவு முயற்சி ஒன்று இருந்ததைப் பின்னரே உணர்ந்தேன் என்ற பொருளில் கெய்ன்ஸ் 1936இல் தமது புகழ்பெற்ற நூலில் எழுதினார். அந்த நூலையும் நான் கற்பித்திருக்கிறேன். அந்தப் பக்கங்களை மட்டும் தாண்டிப் போயிருக்கிறேன்.

தடை மட்டும் போதுமா?

மாணவரின் கேள்விக்கும் அக்குவினாஸ் நேரடியாகவே விடை தந்திருக்கிறார். வட்டிக்குக் கொடுக்கும்படி ஒருவரைத் தூண்டுவது தவறு. ஆனால், ஏற்கெனவே அத்தொழிலைச் செய்பவரிடம் தன் தேவைக்காகக் கடன் வாங்குபவர் பாவம் செய்யவில்லை. கள்வரிடம் அகப்பட்டவர் தன் உடைமையைக் காட்டிக்கொடுத்து உயிர் தப்புவதைப் போன்றது அது என்று அவர் ஒப்பிடுகிறார். அடுத்த வாரம் இதை அந்த மாணவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "அப்பாவிடம் சொல்கிறேன் ஐயா, சந்தோஷப்படுவார். ஆனால், நாளைக் காலையிலும் 900 ரூபாய் வேண்டுமே!" என்றார்.

இதே பதிலைத்தான் பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியின் ஏழைகளும் சொல்லியிருக்க வேண்டும். பிரான்சிஸ்கன் துறவியர் சிலர் அதற்குச் செவிசாய்த்தார்கள். எளியவர்களின் பொருள்களை அடகாகப் பெற்றுக்கொண்டு குறைந்த கட்டணத்தில் சிறுகடன் வழங்கும் 'இரக்க நிதியங்கள்' பிறந்தன. 1462இல் பெருஜியா நகரில் தொடங்கப்பட்டது அவற்றின் முன்னோடிகளுள் ஒன்று. எழுத்தருக்குச் சம்பளமும் கட்டடத்துக்குச் செலவும் வேண்டும் என்பதால் கடனாளியிடம் சிறு தொகை வசூலிக்கப்பட்டது. அதுவும் வட்டிதானே என்று டொமினிக்கன் சபை அறிஞர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். ஐந்தாம் இலாத்தரன் சங்கத்தில், 1515இல், திருத்தந்தை பத்தாம் லியோ சர்ச்சையை முடித்துவைத்தார். நிர்வாகச் செலவுக்கு மட்டும் வாங்குவது ஆதாயம் ஆகாது என்பது தீர்ப்பு.

நம் நாட்டிலும் இதன் தொடர்ச்சி உண்டு. சோட்டாநாக்பூர்ப் பகுதியில் முண்டா பழங்குடியினர் வட்டிக்காரர்களிடமும் நிலக்கிழார்களிடமும் நிலத்தை இழந்துகொண்டிருந்ததைக் கண்ட ஜெர்மானிய இயேசு சபைக் குரு யோவான் ஹோப்மன், 1909இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றை அங்கே நிறுவினார். பழங்குடி நிலத்தைப் பாதுகாக்கும் 1908ஆம் ஆண்டின் குத்தகைச் சட்டம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. வட்டி தீது என்று மேடையில் சொல்வதைவிட, வட்டிக்காரரிடம் போகத் தேவையில்லாத நிலையை உண்டாக்குவதே கடினம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

போதனை மாறியதா?

இன்றைய கத்தோலிக்க அறிஞர்களிடையே இது சூடான விவாதம். மரபைப் போற்றுவோர் 1745ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இத்தாலிய ஆயர்களுக்கு எழுதிய சுற்றுமடலைச் சுட்டுவார்கள். கடன் என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி அசலுக்கு மேல் பெறுவது, தொகை சிறிதானாலும் கடனாளி செல்வராயிருந்தாலும் தவறுதான் என்கிறது அது. அதே மடல், கடனுக்குப் புறம்பான நியாயமான காரணங்களும் வேறுவகை ஒப்பந்தங்களும் உண்டு என்று ஒப்புகிறது. மறுதரப்பினர், 1830ஆம் ஆண்டு முதல் ரோமாபுரியிலிருந்து வந்த மறுமொழிகளைக் காட்டுவார்கள். சட்டம் அனுமதிக்கும் மிதமான வட்டி வாங்குவோரை ஒப்புரவு அருட்சாதனத்தில் குருக்கள் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவை அறிவுறுத்தின. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அளவுக்கு மிஞ்சாத சட்டபூர்வ வட்டியை ஏற்றது.

ஜான் நூனன் 1957இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த நீண்ட வரலாற்றை விரிவாக ஆராய்ந்தது. அவற்றையெல்லாம் படித்தபின் ஒரு பொருளியல் ஆசிரியனாக நான் வந்தடைந்த முடிவு இது: அடிப்படைக் கொள்கை கைவிடப்படவில்லை. பணம் செயல்படும் முறை மாறியது. எங்கும் முதலீட்டு வாய்ப்பு பெருகிய உலகில், கடன் கொடுப்பவர் ஏதேனும் ஓர் ஆதாயத்தை இழக்கிறார் என்பது பொதுவிதியாகிவிட்டது. ஆனால், அந்த மாற்றத்தில் ஒன்று தொலைந்தது. தொழிற்சாலை தொடங்கக் கேட்கும் கடனும் குழந்தையின் மருந்துக்குக் கேட்கும் கடனும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. 1891இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில் பதின்மூன்றாம் லியோ, கொடுவட்டி வேறு வடிவில் தொடர்கிறது என்று வருந்த வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தை மறைப்பதும் முறையாகாது. வட்டியைக் கண்டித்த திருத்தந்தையர்க்கே மெடிச்சி குடும்பத்தார் வங்கியாளர்களாக இருந்தார்கள். வேறு தொழில்களின் கதவுகள் அடைக்கப்பட்ட யூதர்கள் பலர் வட்டித் தொழிலுக்குத் தள்ளப்பட்டு, பிறகு அதற்காகவே வெறுக்கப்பட்டார்கள். இரக்க நிதியங்களுக்காக ஊர் ஊராகப் பேசிய மறையுரையாளர்கள் சிலரின் நாவிலும் அந்த வெறுப்பு இருந்தது.

இன்றைக்கு என்ன பயன்?

திருச்சபையின் அண்மைக்கால ஆவணங்களில் பழைய குரல் மீண்டும் கேட்கிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, பசிக்கும் சாவுக்கும் இட்டுச்செல்லும் கொடுவட்டியைக் 'கொலை செய்யாதே' என்னும் கட்டளையின்கீழ் வைத்துப் பேசுகிறது. 2018இல் வத்திக்கான் வெளியிட்ட நிதித்துறை அறநெறி ஆவணம், பிறர் நொடிந்து போவதன்மீது பந்தயம் கட்டும் நிதிக் கருவிகளைக் கண்டித்தது. 2000, 2025 ஆகிய யூபிலி ஆண்டுகளையொட்டி, ஏழை நாடுகளின் கடன்சுமையைக் குறைக்கத் திருத்தந்தையர் வேண்டுகோள் விடுத்தனர்.

நம் சட்டங்களும் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகின்றன. 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர்சொல்லித் தடை செய்கிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை, நுண்கடன் பெறும் குடும்பத்தின் கடன் தவணைகள் அதன் மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. நுண்கடனுக்கான வட்டி கொடுவட்டியாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. எத்தனை விழுக்காடு கொடுவட்டி என்று வரையறுக்கவில்லை. எண் ஒன்றால் மட்டும் அநீதியை அளந்துவிட முடியாது என்பது இடைக்கால அறிஞர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர்கள் கேள்விகளாகக் கேட்டார்கள்.

கடன் வாங்குபவர் வளர்வதற்காக வாங்குகிறாரா, பிழைப்பதற்காக வாங்குகிறாரா? கொடுப்பவர் உண்மையில் எதை இழக்கிறார்? நட்டம் வந்தால் அதில் அவர் பங்கு என்ன? வங்கி மேலாளரும் நுண்கடன் நிறுவனத்தாரும் சட்டம் இயற்றுவோரும் இந்த மூன்றையும் கேட்க எந்த மதத்தையும் சார்ந்திருக்க வேண்டியதில்லை. நான்காவது கேள்வி நம் எல்லாருக்கும் உரியது: வட்டிக்காரரின் கதவைத் தட்டாமல் காலையில் 900 ரூபாய் பெற, அந்தத் தெருவில் வேறு கதவு ஏதேனும் இருக்கிறதா?

அந்த மாணவர் படிப்பை முடித்துச் சென்று பல ஆண்டுகளாயின. அதன்பின் நான் ஓய்வுபெறும் வரை, இடைக்காலத்துக்கு ஒரு வகுப்புக்குப் பதிலாக நான்கு வகுப்புகள் எடுத்தேன். முதல் வகுப்பை ஒரு பழ வியாபாரியின் கணக்கோடு தொடங்குவேன்.