படியா, பொதுக்காப்பா: ஜாதவ்பூர் ஊழியர்களின் மருத்துவத் தேர்வு

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒரே தெருவில் குடியிருக்கும் மூன்று ஊழியர்களுக்கு மூன்று விதமான மருத்துவக் காப்பு இருக்கக்கூடும். மாநில அரசு ஊழியருக்கு மேற்கு வங்க அரசின் 2008ஆம் ஆண்டு மருத்துவத் திட்டம்; மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாத ஆலை, கடை ஊழியருக்கு இ.எஸ்.ஐ. எனும் ஊழியர் அரசுக் காப்பீடு; சால்ட் லேக் மென்பொருள் நிறுவனத்துக்குப் போய்வருபவருக்கு நிறுவனம் எடுத்துத்தரும் குழுக் காப்பீடு. இவர்களில் அரசு ஊழியருக்குத்தான் தேர்வு என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்தால் மாத மருத்துவப் படியான 500 ரூபாயை அவர் விட்டுவிட வேண்டும்.

நோயில்லாத இளம் வயதில் படியே லாபமாகத் தெரியும். ஆனால் பத்தாண்டுப் படியை ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 60,000 ரூபாய்தான். தனியார் மருத்துவமனையில் ஓர் இதய அறுவைக்கு அது போதாது. நோய்ச் செலவு எல்லாருக்கும் சீராக வருவதில்லை. சிலர் தலையில் மொத்தமாக விழுகிறது. தனிச் சேமிப்பு தோற்கும் இடம் இதுவே. 1984இல் மெடிசேவ் சேமிப்புக் கணக்கைக் கட்டாயமாக்கிய சிங்கப்பூர், 1990இல் மெடிஷீல்டு என்ற பொதுக் காப்பீட்டையும் அதனுடன் சேர்க்க வேண்டியதாயிற்று.

வரிச்சலுகை இந்தக் குறையை நிரப்புமா? அமெரிக்காவில் 2004 முதல், வரி பிடிக்கப்படாத வருமானத்தை மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போட்டுவைக்கலாம். இந்தியாவில் அதற்கு ஓரளவு நெருங்கி நின்றது, மருத்துவ ரசீதுகளுக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரை கிடைத்த வரிவிலக்கு. 2018 நிதிநிலை அறிக்கை அதை நிலைக்கழிவில் கரைத்துவிட்டது. எஞ்சிய, காப்பீட்டுத் தவணைக்கான 80டி கழிவும் பழைய வரிமுறையில் இருப்போருக்கே. அங்கும் 25,000 ரூபாய் காப்பீட்டுத் தவணை கட்டுபவர், 30 விழுக்காட்டு வரி வரம்பில் இருந்தால் 7,500 ரூபாயும் 20 விழுக்காட்டில் இருந்தால் 5,000 ரூபாயும் மிச்சப்படுத்துகிறார். வரியே கட்டாத தொழிலாளிக்கு ஒன்றுமில்லை. தேவை மிகுந்தவருக்குக் குறைவாகத் தரும் இந்த உதவியை மருத்துவக் கொள்கை என்று ஏற்க இயலவில்லை.

சேமிப்புக் கணக்கின் மெய்யான பலம் வேறு: வேலை போனாலும் அது உரியவரோடு போகும். உஷா, பெங்கால் லேம்ப், சுலேகா எனத் தொழிற்சாலைகள் மூடப்பட்டதைக் கண்ட வட்டாரம் இது. இந்தப் பலத்தை இங்கே யாரும் எளிதாக எண்ணமாட்டார்கள். 2016இல் தொடங்கி 2020 டிசம்பரில் விரிவாக்கப்பட்ட ஸ்வாஸ்த்ய சாத்தி என்ற மாநில அரசுத் திட்டம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையான காப்பை வேலையோடு பிணைக்காமல் குடும்பத்தோடு பிணைத்தது. பொதுக்காப்பும் ஆளோடு போகலாம் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அது பெரும்பாலும் படுக்கைச் சிகிச்சைக்கானது. புறநோயாளிச் சிகிச்சை, மருந்து, நோய்விடுப்புக் கால உதவித்தொகை ஆகியவற்றை இ.எஸ்.ஐ. தருகிறது.

ஆகவே சீர்திருத்தம் இ.எஸ்.ஐ.யிலிருந்து தொடங்க வேண்டும். 20,000 ரூபாய் சம்பளக்காரர் மாதம் 150 ரூபாய் கட்ட, முதலாளி 650 கட்டுகிறார். 2017 ஜனவரியில் வைத்த 21,000 ரூபாய் வரம்பைச் சம்பள உயர்வு தாண்டிவிட்டால், நடப்புப் பங்களிப்புக் காலமும் அதற்குரிய பலன் காலமும் முடிந்ததும் அவர் வெளியேற நேர்கிறது. சர்க்கரை நோயுள்ள மனைவிக்கு மாதாமாதம் வாங்கிய மருந்தும் அதோடு நிற்கும். வரம்பைத் தாண்டியவரும் வேலையிழந்தவரும் வருமானத்துக்கேற்ற பங்களிப்பைக் கட்டித் தொடர்ந்து உறுப்பினராக இருக்கச் சட்டம் வழிவிட வேண்டும். வேலையில்லாத மாதங்களில் முதலாளியின் பங்கை அரசு ஏற்க வேண்டும்.