கத்தரிக்கோல் எழுதிய நாவல்

1919ஆம் ஆண்டு, ஜெர்மனியின் கொலோன் நகரம். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றிருந்தது. ஊர் பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்தது. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டுக்கு வயது 28. பீரங்கிப் படையில் இருந்துவிட்டு வந்தவர். 1914 ஆகஸ்டில் தான் இறந்துபோனதாகவும் 1918 நவம்பரில் மறுபடி உயிர்த்ததாகவும் பின்னாளில் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டார். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் ஒரு படப்பட்டியல் அவர் கண்ணில் பட்டது. பள்ளிக்கூடங்களுக்குக் கற்பித்தல் துணைக்கருவிகள் விற்பதற்காக அச்சிட்டது. எலும்புக்கூடு, கனிமம், நுண்ணோக்கியில் தெரியும் திசு, மரம், மிருகம், மேசை என்று ஒன்றுக்கொன்று உறவில்லாதவை எல்லாம் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

அந்த நெருக்கடிதான் அவரைப் பிடித்து உலுக்கியது. திமிங்கலத்துக்கும் அலமாரிக்கும் பட்டியலில் ஒரே அளவு. அந்த அபத்தமான தொகுப்பைப் பார்த்தபோது ஒன்றுக்கொன்று முரணான படங்கள் தனக்குள் எழுந்ததாக அவர் சொன்னார்.

அடுத்து அவர் செய்தது கத்தரிப்பு அல்ல, மறைப்பு. ‘எஜமானரின் படுக்கையறை’ என்ற 1920ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தால் புரியும். அப்படிப்பட்ட பட்டியல் பக்கம் ஒன்றை எடுத்து, தனக்கு வேண்டாத உருவங்களை வண்ணம் பூசி மூடிவிட்டார். கரடி, செம்மறியாடு, பாம்பு, வௌவால், ஒரு கட்டில், ஒரு மேசை என்று சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார். பூசிய வண்ணமே தரையாகவும் சுவராகவும் ஆகி, ஆழமாக ஓடும் ஓர் அறை வந்துவிட்டது. வெறும் காகிதத்தில் சும்மா நின்றிருந்த கரடி இப்போது ஒரு வீட்டுக்குள் நிற்கிறது. யாருடைய வீடு, எதற்காக நிற்கிறது என்று மனம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. எர்ன்ஸ்டின் அப்பா காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்தவர். ஓய்வில் படமும் வரைந்தவர். பாடம் நடத்துவதற்கென்று செய்த படங்களை மகன் கனவுக்குத் திருப்பிவிட்டான்.

1921 மே மாதம் இந்தப் படங்கள் பாரிஸில், ஒரு புத்தகக் கடையில் காட்சிக்கு வந்தன. ஏற்பாடு செய்தவர் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன். வரைந்தவரால் வரமுடியவில்லை, பயண அனுமதி மறுக்கப்பட்டது. ஆளுக்கு முன்னே காகிதங்கள் போய்ச் சேர்ந்தன. அடுத்த ஆண்டு கவிஞர் போல் எலுவாரின் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு எர்ன்ஸ்டும் போய்ச் சேர்ந்தார். கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற சர்ரியலிசத்தின் அறிக்கையை ப்ரெத்தோன் வெளியிட்டது 1924இல். அந்த இயக்கத்துக்குப் பெயர் நிலைக்கும் முன்பே அதன் படங்கள் வந்துவிட்டன என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

எனக்கு சர்ரியலிசம் அறிமுகமானது, பலரையும் போல, ஓவியர் டாலியின் உருகும் கடிகாரங்கள் வழியாகத்தான். 1931இல் வரைந்த படம் அது. சுவர் முழுக்க இருக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். உண்மையில் அது 24க்கு 33 சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இருப்பது நியூயார்க்கில். நான் பார்த்ததெல்லாம் அதன் அச்சுப்பிரதிகள். ஓவியப் புத்தகத்தைப் புரட்டும்போது தொடக்கநிலை வாசகருக்கு இந்த உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும்: இது அசல் இல்லை, அசல் எங்கோ கடல் தாண்டி இருக்கிறது. எர்ன்ஸ்டின் புத்தகங்களிடம் வந்தபோதுதான் அந்த உறுத்தல் என்னை விட்டது. காரணம், அவற்றில் புத்தகம்தான் படைப்பு.

எர்ன்ஸ்ட் 1925 ஆகஸ்டில், பிரான்ஸின் கடலோர ஊரான போர்னிக்கில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, தேய்ந்துபோன தரைப்பலகைகள் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். காசின் மேல் தாளை வைத்து நாம் சின்ன வயதில் செய்ததுதான். பலகையின் ரேகைகளில் காடும் கடலும் பறவையும் தெரிந்தன. அவற்றில் 34 படங்கள் 1926இல் ‘இயற்கை வரலாறு’ என்ற தொகுப்பாக வந்தன. இதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். இங்கே நான் சொல்ல வந்தது நாவல்களின் கதை.

1929இல் வந்தது எர்ன்ஸ்டின் முதல் கொலாஜ் நாவல், அதாவது கத்தரித்து ஒட்டிய படங்களாலான நாவல். தலைப்பைப் பிரெஞ்சில் வாய்விட்டுச் சொன்னால் ‘நூறு தலைப் பெண்’ என்றும் கேட்கும், ‘தலையில்லாப் பெண்’ என்றும் கேட்கும். அதற்கு முன்னுரை எழுதியவர் ப்ரெத்தோன். அடுத்த ஆண்டு இன்னொன்று. மூன்றாவதுதான் நான் எல்லாருக்கும் கையில் கொடுக்க விரும்பும் புத்தகம்: ‘கருணையின் ஒரு வாரம்’.

1933இல் இத்தாலியில் விகொலேனோ என்ற கோட்டையில் விருந்தாளியாக இருந்த மூன்று வாரங்களில் அதைச் செய்து முடித்தார். மூலப்பொருள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலிவான கதைப் புத்தகங்களில் வந்த மரச்செதுக்குப் படங்கள். ஜூல் மரி என்பவர் 1883இல் எழுதிய பாரிஸ் கதை ஒன்றின் படங்கள் அதில் நிறைய இருக்கின்றன. கொலை, மயக்கம், கள்ளக்காதல், கதவுக்குப் பின்னால் ஒளிந்து கேட்பவர் என்று நம் தொடர்கதைகளுக்கு அண்ணன் முறையான கதைகள் அவை. பத்திரிகைகளில் புகைப்படம் வந்ததும் இந்தச் செதுக்குப் படங்களுக்கு மதிப்புப் போயிற்று. யாரும் சீந்தாத பழைய காகிதம் ஆகிவிட்டன. எர்ன்ஸ்ட் தேர்ந்தெடுத்தது அந்தக் காகிதத்தைத்தான்.

அதில் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. மரச்செதுக்கில் முகம், பட்டுத்துணி, சுவர், புகை எல்லாமே மெல்லிய கறுப்புக் கோடுகளால் ஆனவை. மனித உடம்பின் மேல் சிங்கத் தலையை ஒட்டினால் கோட்டோடு கோடு கலந்துவிடும். ஒட்டிய பிறகு முழுப்படத்தையும் போட்டோ எடுத்து பிளாக் செய்து அச்சடித்தார்கள். நம் அச்சகங்களிலும் ஒரு காலத்தில் லைன் பிளாக் என்ற சொல் புழங்கியது, அதே முறை. பிளாக்கில் பசையின் தடமும் காகிதத்தின் நிறபேதமும் மறைந்தன. கத்தரித்து ஒட்டிய தாள் ஒரு நடுக்கட்டம்தான். அச்சேறிய பக்கத்தில்தான் படம் முழுமையடைகிறது. நான் வைத்திருப்பது ஒன்றின் நகல் அல்ல என்று தெரிந்த நாளில் அந்தப் புத்தகம் என் கையில் இன்னும் கனத்தது.

புத்தகம் வாரத்தின் ஏழு நாள்களாகப் பிரிகிறது, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொருள். ஞாயிறுக்குச் சேறு; படங்களில் சிங்கத் தலையோடு சீருடையும் பதக்கமும் அணிந்த ஆண்கள். திங்களுக்கு நீர், தூங்குபவர்களின் அறைக்குள்ளேயே வெள்ளம் ஏறுகிறது. செவ்வாய்க்கு நெருப்பு, வரவேற்பறைப் பெண்களுக்குச் சிறகு முளைக்கிறது. புதனுக்கு இரத்தம், பறவைத் தலை மனிதர்கள். மொத்தம் 182 படங்கள். படங்களின் அடியில் ஒரு சொல்லும் கிடையாது. 1933 ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு. நான்கு ஆண்டு கழித்து நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்று இழிவுபடுத்தி நடத்திய கண்காட்சியில் எர்ன்ஸ்டின் ஓவியமும் மாட்டப்பட்டது. இதை அறிந்தபின் அந்தச் சிங்கங்களின் பதக்கங்களை என்னால் வெறும் கற்பனையாகப் பார்க்கமுடியவில்லை.

1934இல் நாளுக்கு ஒன்றாக ஏழு சிறு புத்தகங்கள் போடத் திட்டம். முதல் நான்கும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அதனால் வியாழன், வெள்ளி, சனி மூன்றையும் ஐந்தாவது புத்தகத்தில் சேர்த்து முடித்துவிட்டார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நிற அட்டை. ஒட்டிய தாள்கள் 1936இல் மாட்ரிட்டில் ஒருமுறை காட்சிக்கு வந்தன. மறுபடி மொத்தமாக மக்கள் பார்க்கக் கிடைத்தது 2008இல் வியன்னாவில். இடையில் 1976இல் அமெரிக்காவின் டோவர் பதிப்பகம் ஏழு நாளையும் ஒரே அட்டைக்குள் மலிவு விலையில் போட்டது. தொடக்கநிலை வாசகர் தேடவேண்டியது அதைத்தான். பெயர்ப் பட்டியல்களோ இயக்க வரலாறோ முதலில் வேண்டாம். மொழி தெரியவேண்டியதும் இல்லை.

கடைசி நாளான சனிக்கிழமையை நான் அடிக்கடி திறப்பேன். கட்டில் இருக்கிறது, திரைச்சீலை இருக்கிறது. பெண்கள் மெத்தையை விட்டு எழும்பி, கூந்தல் அவிழ, கை விரித்து மிதக்கிறார்கள். விழுகிறார்களா பறக்கிறார்களா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். கால்கள் தரையில் படவில்லை.